21 வருஷ சர்வீஸ், இப்போ 2 வருஷத்துல டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணணுமாம்: வேலூர் பக்கம் டீச்சருங்க என்ன பண்றீங்க?

கேவிகுப்பம்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கே.வி.குப்பம் பக்கம் ஒரு ஒன்றிய தொடக்கப் பள்ளில இடைநிலை ஆசிரியரா இருக்கேன். ஈராசிரியர் பள்ளி, ஒண்ணாவதுலருந்து அஞ்சாவது வரைக்கும் 41 பிள்ளைங்க, ஹெச்எம்மும் நானும் மட்டும் தான். 2004ல வேலைவாய்ப்பு ஆபீஸ் பதிவு மூப்புல கிடைச்ச போஸ்டிங். அப்போ தொகுப்பூதியம், மாசம் 3,000 ரூபா, 2006 ஜூன் 1ல தான் காலமுறை சம்பளத்துக்கு வந்தோம். இந்த கதைய ஏன் சொல்றேன்னா நாங்க யாரும் பின்வாசல்ல வந்தவங்க இல்ல, அன்னிக்கு அரசாங்கம் என்ன தகுதி கேட்டுச்சோ அது எல்லாம் இருந்ததால தான் வேலை குடுத்தாங்க.

2025 செப்டம்பர் 1ம் தேதி திங்கக்கிழமை ரெண்டாங்கிளாஸ்க்கு கழித்தல் நடத்திட்டு வீட்டுக்கு வந்து போனை எடுத்தா எங்க ஒன்றிய ஆசிரியர் குரூப்ல மெசேஜ் குவிஞ்சு கிடக்குது. ரிட்டயர் ஆக அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கிற எல்லாரும் ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும், இல்லன்னா வேலை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. எனக்கு இன்னும் 14 வருஷம் இருக்கு. டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம், இந்த வருஷ டெட்டுக்கு அப்ளிகேஷன் வாங்கிட்டு இருந்தாங்க, கடைசி தேதி செப்டம்பர் 8, கைல ஒரே வாரம். பத்தாவது மார்க்ஷீட் எங்க இருக்கு, டிடிஎட் (ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ) சர்டிபிகேட் எங்க இருக்குன்னு ராத்திரி பீரோவ கொட்டி தேடி, குடியாத்தத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல ரெண்டு மணி நேரம் க்யூல நின்னு அப்ளை பண்ணேன். எனக்கு முன்னாடி நின்னவங்க எங்கூட ட்ரெய்னிங் படிச்சவங்க, அவங்களுக்கு 49 வயசு.

நான் பரீட்சை எழுத மாட்டேன்னு சொல்ல வரல. எழுதுறேன். ஆனா எப்போ படிக்கிறது, யார் சொல்லித் தர்றது, அந்த நேரம் யாரோட நேரத்துலருந்து போகுது, இது தான் எனக்கு உறுத்துது. மத்தவங்க நிலைமை என்னன்னு எழுதுங்க.

காட்பாடி_வக்கீல்தம்பி

டீச்சர், முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம், குரூப்ல வர்ற பார்வர்டுல பாதி தப்பா இருக்கு.

இது புதுசா வந்த சட்டம் இல்லீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1ல அமலுக்கு வந்தது, அதோட 23வது பிரிவு தான் ஆசிரியர் தகுதி பத்தினது. அதுப்படி என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில்) 2010 ஆகஸ்ட் 23ல போட்ட அறிவிப்புல தான் டெட் வந்துச்சு. அதே அறிவிப்புல ஏற்கனவே வேலைல இருக்கிறவங்களுக்கு விலக்குன்னும் ஒரு பத்தி இருந்தது, உங்கள மாதிரி ஆளுங்க இத்தன வருஷம் நிம்மதியா இருந்ததுக்கு அது தான் காரணம், உங்க மேல தப்பு சொல்ல முடியாது. அப்புறம் 2017ல ஒரு திருத்தம் வந்து, 2015 மார்ச் 31 அன்னிக்கு வேலைல இருந்து தகுதி இல்லாதவங்க எல்லாரும் நாலு வருஷத்துக்குள்ள, அதாவது 2019 மார்ச்சுக்குள்ள தகுதிய வாங்கிடணும்னு ஆச்சு. சுப்ரீம் கோர்ட் இப்போ அந்த திருத்தத்த வச்சு தான் பழையவங்களுக்கும் பொருந்தும்னு சொல்லியிருக்கு. நீதிபதிங்க தீபங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி ரெண்டு பேர் பெஞ்ச். அரசியல் சட்டத்தோட 142வது பிரிவு அதிகாரத்த பயன்படுத்தி ரெண்டு வருஷம் டைம் குடுத்திருக்காங்க.

ரிட்டயர் ஆக அஞ்சு வருஷத்துக்கும் குறைவா இருக்கிறவங்க டெட் இல்லாமலே ரிட்டயர் ஆகலாம், ஆனா பிரமோஷன் கிடையாது. ரெண்டு வருஷத்துல பாஸ் ஆகலன்னா வேலைய விட்டுப் போகணும், இல்ல கட்டாய ஓய்வு. தகுதியான சர்வீஸ் இருந்தா ஓய்வுப் பலன் கிடைக்கும். நம்ம ஹைகோர்ட் 2023 ஜூன்ல வேற மாதிரி சொல்லியிருந்தது, 2011 ஜூலை 29க்கு முன்னாடி வந்தவங்க வேலைல தொடர டெட் வேணாம், பிரமோஷனுக்கு மட்டும் வேணும்னு. அந்த நிலைமை இப்போ மாறிடுச்சு.

கேவிகுப்பம்_டீச்சர்

நன்றி தம்பி, இவ்ளோ தெளிவா யாரும் சொல்லல. ஓய்வுப் பலன்னு சொல்றீங்க, 2003 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த எங்களுக்கு சிபிஎஸ் தான், அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், பழைய பென்ஷன் இல்ல. 48 வயசுல வீட்டுக்கு அனுப்பிட்டா கைல வர்றத வச்சு எத்தன மாசம் ஓட்டறது சொல்லுங்க.

குடியாத்தம்_2013பேட்ச்

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, மனசுல இருக்கிறத எழுதிடறேன். நான் 2013 ஆகஸ்ட் டெட்ல 150க்கு 94 எடுத்து பாஸ் பண்ணவ. சர்டிபிகேட் வெரிஃபிகேஷன் போயிட்டு வந்து வீட்ல எல்லாரும் ஸ்வீட் வாங்கி பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்தாங்க. அதுக்கப்புறம் 2014ல வெயிட்டேஜ்னு சொல்லி டெட் மார்க்கு 60, மிச்சம் 40க்கு பன்னெண்டாவது மார்க்கையும் டிடிஎட் மார்க்கையும் சேத்தாங்க. நான் பன்னெண்டாவது படிச்ச காலத்துல 1200க்கு 800 எடுத்தாலே பெரிய மார்க், பின்னாடி வந்த பிள்ளைங்க சாதாரணமா 1000த்த தாண்டினாங்க, டெட்ல என்னை விட குறைவா எடுத்தவங்க என்னைத் தாண்டி போயிட்டாங்க. 2018ல வெயிட்டேஜ எடுத்துட்டு இன்னொரு போட்டித் தேர்வுன்னு 149வது அரசாணை போட்டாங்க. இடைநிலை ஆசிரியருக்கு அந்தப் பரீட்சை 2024 ஜூலைல தான் நடந்தது. பாஸ் பண்ணி 11 வருஷம் கழிச்சு! அதுக்குள்ள எனக்கு ரெண்டு பிள்ளைங்க பொறந்து பெரியவ ஏழாவது போறா. இப்பவும் ஒரு நர்சரி ஸ்கூல்ல தான் வேலை, சம்பளத்த எழுத எனக்கே கூச்சமா இருக்கு.

உங்களுக்கு டெட் கஷ்டம்னு படிக்கும் போது எனக்கு முதல்ல கோவம் தான் வந்துச்சு. ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். உங்க மேல கோவப்பட்டு என்ன ஆகப் போகுது. ஆனா டெட் வேணாம், ரத்து பண்ணுன்னு மட்டும் கேக்காதீங்க அக்கா. நாங்க அதுக்காக வயசையே குடுத்திருக்கோம்.

கேவிகுப்பம்_டீச்சர்

தங்கச்சி, ரெண்டு தடவை படிச்சேன் நீ எழுதினத. ரத்து பண்ணுன்னு நான் கேக்க மாட்டேன்.

ஆற்காடு_ஓய்வு_ஹெச்எம்

நான் 2016ல ஓய்வு பெற்றவன். ஒருங்கிணைந்த வடாற்காடு மாவட்டமா இருந்தப்போ வேலைல சேந்தவன், 89ல திருவண்ணாமலை பிரிஞ்சது, 2019ல ராணிப்பேட்டை திருப்பத்தூர் பிரிஞ்சது, எல்லாத்தையும் பாத்தாச்சு.

முதல் டெட் 2012 ஜூலைல நடந்தப்போ நான் ஒரு சென்டர்ல சூப்பர்வைசரா இருந்தேன். 150 கேள்விக்கு ஒண்ணரை மணி நேரம் தான் குடுத்தாங்க. பெல் அடிச்சப்போ ஹால்ல பாதி பேர் நூறாவது கேள்விய தாண்டல, ஒரு பொண்ணு பேப்பர குடுக்காம கைல பிடிச்சுகினு அழுதுச்சு. ஆறரை லட்சம் பேருக்கு மேல எழுதி 2,448 பேர் பாஸ். அப்புறம் அக்டோபர்ல மறுபடியும் வச்சாங்க, அதுக்கு மூணு மணி நேரம். டைம குடுத்ததும் பாஸ் ஆனவங்க எண்ணிக்கை எவ்ளோ ஏறிச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆளுங்க அதே ஆளுங்க தானே. பரீட்சைய எப்படி வைக்கிறோம்ங்கறதுல தான் பாதி விஷயம் இருக்கு.

இன்னொண்ணு. 2013க்கு அப்புறம் 2017, 2019, 2022, இப்போ 2025. இதான் நம்ம மாநிலத்துல டெட் நடந்த லட்சணம். 2017 திருத்தம் குடுத்த நாலு வருஷத்துல ஒரே டெட் தான் நடந்திருக்கு, அடுத்தது 2019 ஜூன்ல, கெடு முடிஞ்ச பிறகு. இத யாராச்சும் கோர்ட்ல எடுத்துச் சொல்லணும்.

ஒடுகத்தூர்_மலைவாத்தியார்

சார் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை.

நான் அணைக்கட்டு ஒன்றியத்துல மலை மேல ஒரு பள்ளி. ஊர் பேர் வேணாம். காலைல ஒடுகத்தூர்ல வண்டிய எடுத்தா மழை இல்லாத நாள்ல முக்கா மணி நேரம், மழை பெஞ்சா கீழயே வண்டிய விட்டுட்டு நடை. பிள்ளைங்க அருமையான பிள்ளைங்க, சாமை வரகு அறுப்பு நேரத்துல மட்டும் பாதி பேர் வர மாட்டாங்க, வீட்டுக்கு போய் கூட்டிட்டு வரணும்.

நமக்கு பயிற்சி இல்லன்னு யாரும் சொல்ல முடியாது, பயிற்சி நிறைய இருக்கு. சின்ன வகுப்புக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல ஆரம்பிச்சதுலருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் வட்டார வள மையத்துல பயிற்சி, அது இல்லாம பக்கத்துப் பள்ளி ஆசிரியருங்க எல்லாம் சேர்ற குறுவள மையத்துல சனிக்கிழமை கூட்டம், அப்புறம் ஆப்ல வீடியோ பாத்து வினாடி வினா. நான் கேக்கறது அந்தப் பயிற்சில என்ன நடக்குதுன்னு தான். போன தடவை போனப்போ காலைல பாதி நேரம் வருகைப் பதிவு, அந்த லிங்க், இந்த லிங்க், எமிஸ்ங்கற பள்ளித் தகவல் தளத்துல எந்தெந்த கட்டம் நிரப்பணும். பாடம் நடக்கும்போதே பண்ற வளரறி மதிப்பீட்ட ஆப்ல ஏத்தணும், எங்க ஊர்ல டவர் கிடைக்கறது பள்ளிக்கு பின்னாடி ஒரு பாறை மேல மட்டும் தான், நான் அந்தப் பாறைல ஏறி நின்னு போன தூக்கி பிடிச்சுட்டு இருக்கும் போது ரெண்டு கிளாஸ் சும்மா உக்காந்திருக்கும்.

இனிமே ராத்திரி டெட்டுக்கும் படிக்கணும். படிக்கிறேன். ஆனா ரெண்டு வருஷத்துக்கு எங்க மேல இருக்கிற இந்த டேட்டா வேலைய கொஞ்சம் இறக்கி வைக்க ஒரு ஆர்டர் போடக் கூடாதா?

அணைக்கட்டு_எஸ்எம்சி_அம்மா

நான் பேசி தான் டைப் பண்றேன் எழுத்து தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க. எங்க ஊர் பள்ளிக்கூடத்துல மேலாண்மைக் குழுல நான் உறுப்பினர். கூலி வேலைக்கு போறவ. நீங்க எல்லாம் படிச்சவங்க பேசறீங்க ஆனா பிள்ளைங்கள பெத்தவங்க சார்பா ஒண்ணு சொல்லணும்.

எம் பையன் மூணாவது முடிச்சு நாலாவது போனப்போ தமிழ் பாடப் புத்தகத்துல ஒரு பத்தி படிக்க தெரியல. இப்போ இருக்கிற டீச்சரம்மா வந்து தான் படிக்க வச்சாங்க, அவங்க காலைல ஒன்பது மணிக்கே வந்து அவனையும் இன்னும் நாலு பேரையும் தனியா உக்கார வச்சு எழுத்துக் கூட்டி படிக்க சொல்லி குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி இருந்தவங்க நல்லவங்க தான் ஆனா சொல்லிக் குடுக்கல. அப்போ சொல்லிக் குடுக்க தெரியுதா இல்லையான்னு யாராவது பாக்கணும் இல்லைங்களா. அதனால பரீட்சை வைக்கிறது தப்புன்னு என்னால சொல்ல முடியல.

ஆனா டீச்சர் ட்ரெய்னிங் போற அன்னிக்கு பிள்ளைங்க என்ன பண்ணும்னு யாரும் யோசிக்கறதே இல்ல. எங்க பள்ளில ரெண்டு டீச்சர். ஒருத்தர் ட்ரெய்னிங் ஒருத்தர் எலெக்ஷன் வேலைன்னு போனா சத்துணவு ஆயா தான் பாத்துக்கறாங்க. இந்த ரெண்டு வருஷத்துல எத்தன நாள் அப்படி போகும்.

கேவிகுப்பம்_டீச்சர்

அம்மா, இந்த இழைல எழுதினதுலயே நீங்க எழுதினது தான் எனக்கு ரொம்ப தச்சுது. நான் முதல்ல சொன்ன உறுத்தல் இது தான். நான் டெட்டுக்கு படிக்க எடுக்கிற நேரம் பிள்ளைங்க நேரத்துலருந்து போகக் கூடாது.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு அனுபவம் இருக்கு, அத சொல்றேன். என் ரெண்டாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு, 52லருந்து 17 கழின்னா எப்பவும் 45ன்னு எழுதுவா. நானும் கடன் வாங்கு கடன் வாங்குன்னு ஒரு மாசம் கத்தினேன். குறுவள மையக் கூட்டத்துல ஒரு ஆசிரியப் பயிற்றுநர் வந்து, எல்லாரும் உங்க பிள்ளைங்க நோட்ல இருக்கிற தப்பான விடைங்கள கொண்டு வாங்கன்னு முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் இந்த 45அ கொண்டு போனேன். அவர் கேட்டார், அந்தப் பொண்ணு என்ன பண்ணியிருப்பா? யோசிச்சுப் பாத்தா அவ 2லருந்து 7அ கழிக்கல, 7லருந்து 2அ கழிச்சு 5ன்னு போட்டிருக்கா, அப்புறம் 5லருந்து 1 போனா 4. அவளுக்கு கழித்தல் தெரியுது, பெருசுலருந்து சின்னதத் தான் எடுக்கணும்னு ஒரு விதிய அவளே வச்சிருக்கா. மறுநாள் விளக்குமாத்துக் குச்சிய பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டு அஞ்சு கட்டு, தனியா ரெண்டு குச்சி, அவ கைல குடுத்து 17 எனக்கு எடுத்துக் குடுன்னேன். ரெண்டு குச்சிய குடுத்துட்டு நின்னா. ஒரு நிமிஷம் என் முகத்தப் பாத்தா, அப்புறம் அவளே ஒரு கட்டு ரப்பர் பேண்ட அவுத்தா. அவ்ளோ தான், 35ன்னு சொல்லிட்டா.

டெட்ல முதல் 30 மார்க் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் தான். பியாஜே, வைகாட்ஸ்கி எல்லாம் அதுல தான் வருது. குழந்தை தானா செய்யறதுக்கும் உதவி பண்ணா செய்யறதுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்குன்னு வைகாட்ஸ்கி சொல்றார் பாருங்க, அண்மை வளர்ச்சி மண்டலம், அது அந்தப் பொண்ணு குச்சிக் கட்ட கைல வச்சுட்டு என்னைப் பாத்த அந்த ஒரு நிமிஷம் தான். எனக்கு அது புஸ்தகத்துல படிச்சப்போ சட்டுன்னு புரிஞ்சுது. அப்போ ஏன் ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாது? ஏற்கனவே காலண்டர்ல இருக்கிற குறுவள மையக் கூட்டத்துல இப்படி வகுப்பறைலருந்து ஆரம்பிச்சு டெட் பாடத்திட்டத்துக்குப் போனா, பிள்ளைங்களுக்கும் லாபம், நமக்கும் பரீட்சைக்கு ஆச்சு, தனியா ஒரு நாளும் போகாது.

பயிற்றுநர்_வேலூர்

நான் ஆசிரியப் பயிற்றுநர். டீச்சர் சொன்ன அந்த ஆள் நான் இல்ல, ஆனா அவர் யாரா இருந்தாலும் கையெடுத்து கும்பிடறேன்.

எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க. பயிற்சிங்கறது சென்னைல மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனத்துல ஆரம்பிச்சு, மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர்னு இறங்கி உங்ககிட்ட வருது. முதல் கூட்டத்துல நாலு மணி நேரம் கலந்து பேசின விஷயம் உங்ககிட்ட வரும்போது நாப்பது ஸ்லைடா ஆகிடுது. அதுக்கு மேல ஒவ்வொரு அமர்வுக்கும் போட்டோ எடுத்து அனுப்பணும், பின்னூட்ட லிங்க் போடணும். கடந்த ரெண்டு வருஷமா சமக்ர சிக்ஷாங்கற ஒன்றிய அரசு பள்ளிக் கல்வித் திட்டத்தோட நிதி பிரச்சனை வேற, பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துல நம்ம மாநிலம் கையெழுத்து போடலன்னு 2,152 கோடிய ஒன்றிய அரசு நிறுத்தி வச்சாங்களே, பயிற்சி செலவெல்லாம் அந்தத் தலைப்புல தான் வரும்.

நோட்ட கொண்டு வரச் சொல்றதுக்கு யார் அனுமதியும் வேணாம், அத நான் என் குறுவள மையத்துல அடுத்த கூட்டத்துலயே பண்றேன்.

பேர்ணாம்பட்டு_உருது

அஸ்ஸலாமு அலைக்கும். எங்க பக்கம் ரொம்ப குழப்பம் இருக்கு. சிறுபான்மைப் பள்ளிங்களுக்கு டெட் இல்லன்னு சொல்றாங்களே, நான் நகராட்சி உருது தொடக்கப் பள்ளில இருக்கேன், எனக்கு உண்டா இல்லையா?

காட்பாடி_வக்கீல்தம்பி

வ அலைக்கும் அஸ்ஸலாம் பாய். உங்களுக்கு உண்டு. விலக்குங்கறது சிறுபான்மையினர் நடத்தற நிறுவனத்துக்கு, நடத்தற மொழிக்கு இல்ல. நகராட்சி பள்ளி அரசுப் பள்ளி கணக்கு தான். கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மை நிறுவனங்களுக்கு பொருந்தாதுன்னு சொன்ன 2014 பிரமாட்டி தீர்ப்பு சரியான்னு பெரிய பெஞ்சுக்கு அனுப்பியிருக்காங்க, அது முடிவாகிற வரைக்கும் தான் அவங்களுக்கு நிம்மதி. டெட் முதல் தாள்ல மொழிப் பகுதிக்கு உருது எடுத்து எழுதலாம், அந்த வசதி இருக்கு.

பேர்ணாம்பட்டு_உருது

ஜஸாகல்லாஹ். உருதுல டெட்டுக்கு கைடு ஒண்ணு கூட கடைல கிடைக்கல, ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் பாடப் புத்தகத்த வச்சு தான் படிக்கணும்.

குடியாத்தம்_2013பேட்ச்

பாய், பாடப் புத்தகம் தான் சரி, கைடே வேணாம். நான் 94 எடுத்தது சமச்சீர் புக்க மட்டும் வரிக்கு வரி படிச்சு தான். அறிவியல், சமூக அறிவியல்ல அந்த பெட்டிச் செய்தி போட்டிருப்பாங்க பாருங்க, அத விடாதீங்க. தமிழ்ல செய்யுள் பகுதிய விட இலக்கணம் தான் மார்க்க தின்னும்.

அக்கா, ஒண்ணு கேக்கணும்னு தோணுது. எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு. சைக்காலஜியும் தமிழும் என்கிட்ட பழைய நோட்டு அப்படியே இருக்கு, ஆறு வருஷமா ட்யூஷனுக்கு வர்ற பொண்ணுங்களுக்கு அத வச்சு தான் சொல்லித் தர்றேன். நீங்க வர்றதா இருந்தா உங்களுக்கும் சொல்லித் தரேன். பீஸ் எல்லாம் வேணாம்.

கேவிகுப்பம்_டீச்சர்

தங்கச்சி, பீஸ் இல்லாம நான் வர மாட்டேன். பதினோரு வருஷம் உன்னை காக்க வச்சிருக்காங்க, உன் உழைப்ப சும்மா வாங்கிக்க எங்களுக்கும் மனசு வராது. எங்க ஒன்றியத்துல ஏழு பேர் தயாரா இருக்கோம், ஆளுக்கு இவ்ளோன்னு நீயே சொல்லு.

சீராய்வு மனு போடணும்னு சங்கங்க பேசிட்டு இருக்காங்க, அது ஒரு பக்கம் நடக்கட்டும், ஹெச்எம் சார் சொன்ன அந்த 2019 கணக்க எழுதி எங்க வட்டாரப் பொறுப்பாளர்கிட்ட குடுத்துட்டேன். மலைவாத்தியார் சொன்ன டேட்டா வேலை விஷயத்தையும் சேத்து.

ஆற்காடு_ஓய்வு_ஹெச்எம்

கணக்குக்கு ஆள் வேணும்னா நான் வரேன்மா. ஆற்காட்டுலருந்து காட்பாடி பஸ், அங்கருந்து குடியாத்தம் பஸ். எனக்கு மட்டும் பீஸ் எழுதாதீங்க, பென்ஷன் வருது.

ஒடுகத்தூர்_மலைவாத்தியார்

நானும் வரலாமா டீச்சர்? ஞாயிறு காலைல கிளம்பினா பத்தரைக்கு வந்துடுவேன்.

குடியாத்தம்_2013பேட்ச்

வாங்க சார். காலாண்டு லீவுல முதல் ஞாயிறே ஆரம்பிச்சுடலாம், பத்தரை மணி, எங்க வீட்டு மாடி, பாய் போட்டா பதினஞ்சு பேர் உக்காரலாம். ஆளுக்கு மாசம் 300 போதும். முதல் வாரம் சைக்காலஜி. எல்லாரும் அவங்கவங்க பிள்ளைங்களோட ஒரு நோட்டு எடுத்துட்டு வாங்க, தப்பு போட்ட பக்கமா பாத்து.

கேவிகுப்பம்_டீச்சர்

வரேன். அந்தப் பொண்ணோட நோட்டயே எடுத்துட்டு வரேன், இப்போ பெருக்கல்ல வேற ஒரு விதி வச்சிருக்கா.